குடும்பக் கொடிவழியை வரைந்து, அச்சிட்டு, விசேஷ வீட்டில் மாட்டுவது எப்படி?

எங்கள் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாலடிக்கு மூன்றடியில் ஒரு கொடிவழிப் படம் போட முடிவு செய்தோம். விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னால், மாதிரிப் படியைத் திண்ணையில் விரித்து அப்பத்தாவிடம் காட்டினேன். அவருக்கு 86 வயது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். தன் பெயர் வந்ததும் விரல் நின்றது. தாத்தாவின் கட்டத்துக்கு மேலே அவருடைய அப்பா, அப்பாவைப் பெற்றவர் என்று கோடு ஏறிக்கொண்டே போனது. அப்பத்தாவின் கட்டத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. “எங்க ஆத்தா பேரு எங்கய்யா?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அந்தப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி வரைய ஆரம்பித்தோம். அந்த இரண்டாவது முயற்சியில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இதற்குமுன் கொடிவழி வரைந்து பழக்கமில்லாதவர்கள் இந்த வரிசையிலேயே போகலாம்.

கோடு மேலே ஏறுமா, கீழே இறங்குமா?

பென்சிலை எடுக்குமுன் இதை முடிவு செய்துவிடுங்கள்.

மேலே ஏறினால் அது முன்னோர் படம். ஒரு பிள்ளையில் தொடங்கி அப்பா, அம்மா, அவர்களைப் பெற்ற நால்வர், அவர்களைப் பெற்ற எட்டுப் பேர் என்று ஒவ்வொரு படிக்கும் இரு மடங்காகும். பிள்ளையையும் சேர்த்து ஐந்து தலைமுறைக்கு 31 பேர். ஒரு ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். இதையே விசிறி மாதிரி அரைவட்டமாக வரைந்து சட்டம் போட்டால், பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் நல்ல பரிசு.

கீழே இறங்கினால் வாரிசுப் படம். ஒரு மூத்த தம்பதியில் தொடங்கி பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் என்று விரியும். இதில் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். மருமக்களையும் சேர்த்து நான்காம் தலைமுறை வரை எண்ணியபோது 143 பேர் வந்தார்கள். உறவுக்காரர்கள் கூடுகிற இடத்துக்கு இதுதான் பொருத்தம், வந்தவர் எல்லோரும் தன் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நான் அதை உடுக்கை வடிவம் என்பேன். நடுவில் விழாத் தம்பதி. அவர்களுக்கு மேலே இரு பக்கத்துப் பெற்றோரும் பாட்டன் பாட்டிகளும், கீழே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் இதையே சொல்வேன். கணவன் வீடு, மனைவி வீடு இரண்டும் ஒரே உயரத்தில் நிற்பது இந்த வடிவத்தில்தான்.

விவரம் எங்கே கிடைக்கும்?

பெரியவர்களிடம் கேட்பதுதான் முதல் வேலை, அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் “எந்த வருஷம் கல்யாணம்?” என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஊரறிந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது பெரியத்தை பிறந்துவிட்டாளா? அது 1964 டிசம்பர். அண்ணா இறந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா? அது 1969 பிப்ரவரி. இப்படி இரண்டு முளை அடித்துக்கொண்டால் நடுவில் உள்ள வருடத்தை நெருங்கிவிடலாம். உறுதியாகத் தெரியாத வருடத்துக்கு முன்னால் ‘சு.’ என்று போடுங்கள், ‘சுமார்’ என்பதற்காக.

அப்புறம் காகிதங்கள். பீரோவில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றே மூன்று தலைமுறைப் பெயர்களைத் தந்துவிடும். காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன்மார் பெயர் வரிசையாக இருக்கும். மொய் நோட்டை எத்தனையோ பேர் கண்டுகொள்வதே இல்லை. ஊர், இனிஷியல், பெயர் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்த உறவுப் பட்டியல் அது. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்குகிறவரிடம் ஒரு நோட்டு இருக்கும், பங்காளி வீடுகள் எல்லாம் அதில் உண்டு. பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் இன்னும் நல்லது. இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பன் பெயரோடுதான் அவற்றில் எழுதியிருப்பார்கள்.

ஜாதக நோட்டில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அறுபது வருடச் சுழற்சியில் முதலாவதான பிரபவ 1927, 1987 சித்திரையில் தொடங்கியது. சித்திரபானு 16-ஆவது, ஆகவே 1942, 2002. எந்தச் சுற்று என்பதை ஆளின் வயதே சொல்லிவிடும். கவனிக்க வேண்டிய இடம் வருடக் கடைசி. தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், சித்திரபானு தை மாதம் பிறந்தவர் 1943 ஜனவரி அல்லது பிப்ரவரியில் பிறந்தவர். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழிப் பாதியிலிருந்தும் ஜனவரி வந்துவிடும், அதனால் அந்த மாதத்துக்குத் தேதியையும் பாருங்கள்.

சேர்த்ததை எல்லாம் ஒரு நோட்டிலோ கணினி அட்டவணையிலோ ஆளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். எண், பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், அப்பா, அம்மா, துணை, பிறந்த வருடம், இறந்த வருடம், பிறந்த ஊர். கடைசிப் பத்தியில் ‘யார் சொன்னது’ என்று ஒரு தலைப்பு வையுங்கள். இரண்டு அத்தைகள் இரண்டு விதமாகச் சொல்லும்போது இந்தப் பத்திதான் உங்களைக் காப்பாற்றும்.

வீட்டில் கூப்பிடும் பெயரை விட்டுவிடாதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே ஒரே குடும்பத்தில் நான்கு முத்தையா இருப்பார்கள். சின்ன முத்து, மிலிட்டரி முத்து என்று ஊர் வைத்த அடையாளத்தை அடைப்புக்குறியில் எழுதினால்தான் பார்க்கிறவருக்கு யார் எவர் என்று தெரியும்.

எல்லோருக்கும் ஒரு எண்

பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் ஒன்றாக இருக்காது. அதனால்தான் எண் போட வேண்டியிருக்கிறது. வாரிசுப் படத்துக்கு எளிய முறை இது: மூத்தவர் 1, அவர் பிள்ளைகள் பிறந்த வரிசைப்படி 1.1, 1.2, 1.3. மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை 1.3.2. எண்ணைப் பார்த்தாலே எந்தக் கிளை, எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும்.

முன்னோர் படத்துக்கு ஐரோப்பாவில் நானூறு வருடத்துக்கும் மேலாகப் புழங்கும் ஒரு முறை இருக்கிறது. நீங்கள் 1. யாராக இருந்தாலும் அவருடைய எண்ணை இரண்டால் பெருக்கினால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவர் அம்மா. உங்கள் அப்பா 2, அம்மா 3, அப்பத்தா 5, அம்மாச்சி 7. இதைத் திருப்பியும் படிக்கலாம். 13 யார்? ஒற்றைப்படை, ஆகவே பெண். 6-இன் அம்மா. 6 என்பவர் 3-இன் அப்பா, 3 உங்கள் அம்மா. அப்படியானால் 13 உங்கள் அம்மாவின் அப்பாவைப் பெற்றவர். இந்த முறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டாயமாக ஒரு எண் உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் இடம் காலியாக நின்று நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் அப்பத்தாவின் ஆத்தாவுக்கு நான் கொடுத்த எண் 11.

முதலில் தரையில் வரையுங்கள்

கணினியை இப்போது திறக்க வேண்டாம். வெள்ளைத் தாளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, ஆளுக்கு ஒன்றாக எழுதி, கூடத்தில் தரையில் பரப்புங்கள். ஒரு தலைமுறைக்கு ஒரு வரிசை. பிறந்த வரிசைப்படி மூத்தவர் இடது பக்கம். தம்பதியை ஒட்டி வையுங்கள், நடுவிலிருந்து பிள்ளைகளுக்கு நூல் போடுங்கள். மின்விசிறியை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அரை நாளில் எந்தக் கிளை அகலமானது, எந்தக் கோடு எதைக் குறுக்கே வெட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் இருக்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்து சீட்டை நகர்த்துவார்கள், அப்போது வருகிற பேச்சிலேயே விடுபட்ட பெயர்கள் பாதி வந்து சேரும்.

ஒவ்வொரு சீட்டிலும் என்னென்ன வேண்டும்? முழுப்பெயர், கூப்பிடும் பெயர், பிறந்த வருடம், மறைந்த வருடம். கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இன்னும் ஒரு வரி: பிறந்த ஊர், பெற்றோர் பெயர். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பட்டாவிலும் பத்திரத்திலும் கல்யாணமான பெண்ணுக்கு க/பெ என்று கணவர் பெயரைத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். பிறந்த வீடு அங்கேயே காணாமல் போய்விடுகிறது. அதை எழுதிவைக்க நம் வீட்டுக் கொடிவழியை விட்டால் வேறு இடம் இல்லை. நாலு தலைமுறைக்கு மேல் அவர்கள் பக்கத்தை வரைய இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயரும் ஊரும் ஒரு வரியில் போகட்டும்.

உறவுக்குள் கல்யாணம் வந்தால்

மேல்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வரைய உட்காருகிறவர்கள் திணறிப்போகும் இடம் இதுதான். அவர்கள் சொல்லும் மரத்தில் கிளைகள் பிரிந்துகொண்டே போகும். நம் வீடுகளில் பிரிந்த கிளை திரும்ப வந்து ஒட்டும்.

முதலில் அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டதை எடுத்துக்கொள்வோம். உங்கள் அப்பா தன் மாமன் மகளைக் கட்டியிருக்கிறார் என்றால், உங்கள் அப்பத்தாவும் அம்மாவின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். எண் முறையில் அப்பத்தா 5, அவரைப் பெற்றவர்கள் 10, 11. அம்மாவின் அப்பா 6, அவரைப் பெற்றவர்கள் 12, 13. ஆனால் 10-உம் 12-உம் ஒரே ஆள், 11-உம் 13-உம் ஒரே ஆள். முன்னோர் படத்தில் அவர்களை இரண்டு இடத்தில் வரையலாம். இரண்டு கட்டத்திலும் ‘10, 12’ என்று இரண்டு எண்ணையும் எழுதி, ஒரே நிறம் தீட்டிவிடுங்கள். பார்க்கிறவர் உடனே புரிந்துகொள்வார்.

வாரிசுப் படத்தில் அப்படி இரண்டு இடத்தில் போட்டால் தலைக்கணக்கு தப்பாகிவிடும். அங்கே மனைவியைக் கணவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் பிறந்த இடத்தில் பெயரை மட்டும் மெல்லிய எழுத்தில் எழுதி ‘1.4.2-ஐப் பார்க்க’ என்று போடுவது ஒரு வழி. கோடுகள் குறைவாக இருந்தால் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நீளக் கோடு இழுப்பது இன்னொரு வழி. மருத்துவர்கள் பரம்பரை நோய்க்காக வரையும் குடும்பப் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போடுவார்கள். அந்த இரட்டைக் கோட்டை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா மகளைக் கட்டியிருந்தால் தலைமுறையே ஒரு படி நழுவும். அந்தப் பெண் தாய்மாமனுக்கு மனைவியாக இரண்டாம் வரிசையிலும், அக்காவுக்கு மகளாக மூன்றாம் வரிசையிலும் நிற்க வேண்டும். நான் அவரைக் கணவன் வரிசையில் வைத்து, அம்மாவின் கட்டத்திலிருந்து ஒரு சாய்கோடு ஏற்றினேன். வேறு யாராவது வேறு மாதிரி வைக்கலாம். படம் முழுக்க ஒரே முறையாக இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்புப் பெட்டியில் ‘இரட்டைக் கோடு: சொந்தத்தில் கல்யாணம்’ என்று விளக்கமும் இருக்க வேண்டும்.

கிளைக்கு ஒரு நிறம் கொடுப்பதும் இங்கே உதவும். மூத்த தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஐந்து வெளிர் நிறம். எந்த நிறக் கட்டம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

சொல்லத் தயங்குகிற பெயர்கள்

இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, குழந்தையிலேயே இறந்தது, விவாகரத்து, சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டில் பேச்சே எடுக்காத சித்தி. எந்தக் குடும்பமும் இதற்கு விலக்கு இல்லை. என் எண்ணம், பிறந்தவர் எல்லோரும் படத்தில் இருக்க வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் அவர் பிள்ளைகள் விசேஷத்தில் வந்து நின்று தன் அம்மா பெயரைத் தேடுவார்கள்.

தத்து வந்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு போடுவது வழக்கம். சம்பந்தப்பட்டவருக்கு அது பிடிக்காவிட்டால் மற்றவர்களுக்குப் போல நேர்க்கோடே போடுங்கள். இரண்டு மனைவிகள் இருந்தால் கணவனுக்கு இரு பக்கமும் ஒருவர், பிள்ளைகள் அவரவர் தாயின் கீழே. சின்ன வயதில் இறந்த குழந்தைக்குப் பெயர் தெரிந்தால் பெயர், இல்லாவிட்டால் ‘ஆண் குழந்தை’ என்றோ ‘பெண் குழந்தை’ என்றோ எழுதுங்கள். அப்பத்தா இரண்டு பெயர் சொன்னார். அப்பாவுக்கு முன்னால் பிறந்து அம்மையில் போன இரண்டு பெண் பிள்ளைகள். அப்பாவுக்கே அதில் ஒருவர் பெயர் அன்றுதான் தெரியும்.

உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர்களுடைய முழுப் பிறந்த தேதியை அச்சில் போடாதீர்கள், வருடம் போதும். படம் வாட்ஸ்ஆப்பில் எங்கெல்லாமோ போகும். பிறந்த தேதியும் தாயின் பெயரும் பல இடங்களில் ஆளைச் சரிபார்க்கக் கேட்கிற விவரங்கள்.

கணினியில் ஏற்றுவது

முப்பது நாற்பது பேர் என்றால் கையாலேயே அழகாக வரையலாம். சார்ட் பேப்பரில் பென்சிலில் போட்டு மேலே மையால் எழுதிய படத்துக்கு உள்ள களையே தனி. நூறைத் தாண்டினால் மென்பொருள் வேண்டும்.

எடுத்த எடுப்பில் பழக ஃபேமிலி எக்கோ என்ற இணையதளம் போதும். இலவசம், ஒரு கட்டத்தைத் தொட்டு அப்பா, அம்மா, பிள்ளை என்று சேர்த்துக்கொண்டே போகலாம். நிதானமாக, பெரிதாகச் செய்ய கிராம்ப்ஸ் நல்லது. அதுவும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முன்னோர் படம், வாரிசுப் படம், விசிறி, உடுக்கை என்று எல்லா வடிவமும் வரைந்து பிடிஎஃப் ஆகத் தரும். அதில் ‘உறவு வரைபடம்’ என்ற வகையில் ஒரு ஆள் எத்தனை வழியில் சொந்தமானாலும் ஒரே கட்டமாகத்தான் வருவார். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நிறைய உள்ள வீட்டுக்கு அதையே எடுங்கள்.

பெயரை ஏற்றும்போது ஒரு தொந்தரவு வரும். இந்த மென்பொருள்கள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கும், தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அது இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. இனிஷியலைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டால் ‘க’ என்பது ஒரு குடும்பம், ‘மு’ என்பது வேறு குடும்பம் என்று எடுத்துக்கொண்டு, ஒரே வீட்டு ஆட்களைப் பிரித்து அடுக்கிவிடும். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். இனிஷியலைப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

எதில் செய்தாலும், கடைசியில் ஜெட்காம் என்ற வடிவத்தில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். குடும்ப வரலாற்று மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம் அது, 1984-இல் வந்தது. ஒரு தளம் மூடிப்போனாலும் இந்தக் கோப்பை இன்னொன்றில் திறந்துகொள்ளலாம்.

தமிழ் எழுத்து உடையாமல் அச்சிட

எங்கள் படத்தை முதலில் ஒரு அச்சுக்கடையில் கொடுத்தபோது, அவர்கள் பெயர்களை எடுத்துத் தங்கள் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினார்கள். திரும்பி வந்த மாதிரியில் கொம்புகள் எழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றன. ‘கோவிந்தன்’ படிக்க முடியாத மாதிரி இருந்தது. யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய பதிப்புகளில் இப்படித்தான் வரும். பல கடைகள் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துரு முறையிலேயே வேலை செய்கின்றன. அதற்கு மாற்றும்போதும் எழுத்துகள் நழுவும்.

ஆகவே கடைக்காரரிடம் வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள், எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அதையும் அவர்கள் வேறு மென்பொருளில் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து அசையாது. மாற்றுமுன் ஒரு பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், வளைகோடான எழுத்தைத் திருத்த முடியாது.

மாதிரி வந்ததும் கொ, கோ, கை, ஸ்ரீ வரும் பெயர்களை முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கும். எழுத்துருவைப் பொறுத்தவரை நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் சின்ன அளவிலும் தெளிவாக இருக்கும். தலைப்புக்கு மட்டும் அலங்கார எழுத்து போதும்.

தாள் அளவும் எழுத்து அளவும்

சுவரில் மாட்டினால் ஓரடி இரண்டடி தள்ளி நின்று, வயதானவர்கள் படிக்க வேண்டும். பெயர்கள் 24 புள்ளி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். இந்த அளவில் ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். நாலடி என்பது சுமார் 120 சென்டிமீட்டர். பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு வரிசைக்குப் பதினேழு பேர்தான். கடைசித் தலைமுறையில் அறுபது பேர் இருந்தால் என்ன செய்வது?

படத்தைச் சாய்த்துவிடுங்கள். மூத்தவர் இடது ஓரம், தலைமுறைகள் வலது பக்கமாக நகரட்டும். இப்போது கடைசித் தலைமுறை ஒருவர் கீழ் ஒருவராக வரும். மூன்றடி உயரம் என்றால் 90 சென்டிமீட்டர், அறுபது பேருக்கும் ஆளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர், ஒரு வரி எழுத்துக்குப் போதும். நீளமான தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இடவல வடிவம்தான் சரிப்படும். எங்கள் படத்தை இப்படி மாற்றிய பிறகுதான் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

வீட்டு அச்சுப்பொறியே இருந்தால், பதினாறு ஏ4 தாள் சேர்ந்தது ஒரு ஏ0. அக்ரோபாட் ரீடரில் சுவரொட்டியாகப் பிரித்து அச்சிடும் வசதி உண்டு. ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள். மாதிரிப் படிக்கு இது தாராளம்.

ஃப்ளெக்ஸா, தாளா?

ஃப்ளெக்ஸ் மலிவு, எல்லா ஊரிலும் உடனே கிடைக்கும். ஆனால் பக்கத்தில் நின்று படிக்கிற சின்ன எழுத்து அதில் பெரும்பாலும் மங்கும், மடித்த கோடு போகவே போகாது. கட்டட வரைபடம் அச்சிடும் பிளான் பிரிண்ட் கடையைத் தேடிப் போங்கள். 36 அங்குல உருளைத் தாளில், மெல்லிய கோடும் கூர்மையாக விழும். லேமினேஷன் போட்டால் பளபளப்பு இல்லாத மேட் வகை கேளுங்கள். பளபளப்பானதில் மண்டபத்து விளக்கெல்லாம் எதிரொளித்துப் பெயர் தெரியாது.

புகைப்படம் சேர்ப்பதானால் பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், சாய்வான பகல் வெளிச்சத்தில் கண்ணாடியோடு சேர்த்தே போனில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தலைமுறைக்குப் படம் வைத்தால் அந்தத் தலைமுறையில் எல்லோருக்கும் இடம் விடுங்கள். படம் கிடைக்காதவருக்கு அதே அளவில் வெற்றுக் கட்டம், உள்ளே பெயர். அப்பத்தாவின் அக்காவுக்கு ஒரு படமும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தின் மேல் அப்பத்தா கைவைத்து, “இவ என்னவிட வெள்ளையா இருப்பா” என்றார்.

அச்சுக்குப் போகுமுன் கிளைக்கு ஒருவரிடம் மாதிரிப் படியைக் கொடுத்து, தங்கள் கிளையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குறைந்தது பத்து நாள் கொடுங்கள்.

மாட்டும் இடம்

மேடைக்குப் பின்னால் வேண்டாம், அங்கே யாரும் நின்று படிக்க முடியாது. பந்திக்குக் காத்திருக்கும் வழிதான் நல்ல இடம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். குனிய முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஏ3 அளவில் கிளை கிளையாகப் பிரித்து அச்சிட்டு, ஒரு மேசையில் பூதக்கண்ணாடியோடு வையுங்கள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு பிள்ளையை நிறுத்தினால் வருகிறவர்களைக் கைப்பிடித்து அவரவர் பெயருக்குக் கூட்டிப்போவார்.

பென்சில் இரண்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். லேமினேட் செய்த படமாக இருந்தால் ஒட்டுச்சீட்டுக் கட்டு ஒன்று வையுங்கள். ‘விடுபட்டது, தப்பானது இருந்தால் எழுதுங்கள்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் படத்தில் அன்று மட்டும் 19 திருத்தம் வந்தது. அதில் ஆறு பெயர் பர்மாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஒரு கிளை. முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் வந்து, நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

விசேஷம் முடிந்ததும் படத்தைக் கழற்றுமுன் அந்தக் குறிப்புகள் தெரியும்படி பகுதி பகுதியாகப் போட்டோ எடுங்கள். படத்தை மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள். திருத்தத்தை எல்லாம் கணினியில் ஏற்றி, ஓரத்தில் ‘இரண்டாம் படி’ என்று மாதமும் வருடமும் போட்டு, ஜெட்காம் கோப்பையும் பிடிஎஃப்பையும் மூன்று வீட்டில் கொடுத்துவையுங்கள். எங்கள் இரண்டாம் படியில் ஒரு ஏ3 பிரதியை அப்பத்தா தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். அதில் அவர் கட்டத்துக்கு மேலே இப்போது இரண்டு கட்டம் இருக்கிறது, அவர் ஐயாவுக்கு ஒன்று, ஆத்தாவுக்கு ஒன்று.